ஓர் அங்குலம் இறக்க ஒரு வருடம்

காரை இறக்கும் ஆசை, அதாவது அதன் உடலைத் தரைக்கு இன்னும் நெருக்கமாகத் தாழ்த்தும் ஆசை, எனக்கு எப்போது வந்தது என்று துல்லியமாகச் சொல்ல முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காரைக் கழுவிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். முன் டயருக்கும் அதன் மேலே இருக்கும் வளைவுக்கும் நடுவில் இருட்டாக ஓர் இடைவெளி. அதுவரை கண்ணில் படாதது, பட்ட பிறகு வேறெதுவும் கண்ணில் படவில்லை. போய்க் கையை விட்டுப் பார்த்தேன். கையோடு ஸ்பாஞ்சும் சேர்ந்து உள்ளே போனது.

கார் 2015 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ. இரண்டாம் கையாக வாங்கியது. 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத் திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி (தானே கியர் மாற்றும் வகை). ஓட்டினால் சிரிப்பு வரும், நிறுத்திவிட்டுப் பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கத் தயாராக நிற்கும் ஆள் மாதிரி இருக்கும். நம் சாலைகளுக்காகத் தூக்கி வைத்திருக்கிறார்கள், சரி. ஆனால் எனக்கு அந்த இடைவெளி போக வேண்டும்.

கோவையில் நான் வழக்கமாக வண்டி விடும் பட்டறை அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “ஏனுங் தம்பி, ஊருக்குள்ள அவனவன் அடி தட்டுதுன்னு ஸ்பிரிங்குக்கு நடுவால ரப்பர் பஃபர் வெச்சுத் தூக்கிட்டு இருக்கான். நீங்க எறக்கோணும்ங்கறீங்களே?”

அன்று அது எனக்குக் கிண்டலாகத்தான் பட்டது.

முதல் சுற்றில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். லோயரிங் ஸ்பிரிங், அதாவது காரைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங், மட்டும் வாங்கினேன். 40 மி.மீ. இறங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஷாக் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய்) பழசு, 72,000 கி.மீ. ஓடியது, எண்ணெய்க் கசிவு இல்லை. கசியாத ஷாக் நல்ல ஷாக் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். ஸ்பிரிங்கை மாட்டிக் கீழே இறக்கியதும் கார் அப்படியொரு அழகு. அன்று எடுத்த படம்தான் இன்றும் என் கைப்பேசியின் முகப்பில் இருக்கிறது. அந்தக் கார் அந்த நிலையில் நான்கே மாதம்தான் இருந்தது என்பது படத்தில் தெரியாது.

அடுத்த வாரம் வால்பாறை. ஆழியாறு தாண்டியதும் ஏறத் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகள். முதல் நான்கைந்து வளைவுகளில் கார் முன்பைவிடச் சுறுசுறுப்பாகத் திரும்பியது. மனைவியிடம் பெருமையாகச் சொல்லக்கூடச் செய்தேன். அப்புறம் ஒரு வளைவின் நடுவில், தார் ஒட்டுப் போட்ட ஒரு சின்ன மேடு. ‘டொப்’ என்று ஒரு சத்தம். வளைவுக்கு வெளிப்பக்கம் இருந்த முன் சக்கரம் ஒரு கணம் கல்லாகிவிட்ட மாதிரி இருந்தது. ஸ்டீயரிங் திருப்பியது திருப்பியபடி இருக்க, கார் அரை அடி வெளியே நழுவியது. பள்ளத்தாக்குப் பக்கம் இல்லை என்பது மட்டும் அன்றைய அதிர்ஷ்டம். மீதி வளைவுகளை இருபதில் ஏறினேன். பின்னால் வந்த அரசுப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.

ஊருக்குத் திரும்பியதும் முன் சக்கரத்தைக் கழற்றி, ஷாக்கின் தண்டைச் சுற்றியிருக்கும் தூசி உறையைத் தூக்கி, டேப்பை வைத்து அளந்தேன். இதை நான் முதலில் செய்திருக்க வேண்டும். எந்த ஸ்பிரிங் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் இன்று நான் திருப்பிக் கேட்கும் கேள்வி இதுதான்: உங்கள் காரில் பம்ப் ஸ்டாப்பருக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

ஷாக்கின் தண்டில் மேல்பக்கம் ரப்பர் போல ஒரு துண்டு இருக்கும், பெரும்பாலும் பாலியூரித்தேன். சக்கரம் மேலே ஏறும்போது ஷாக்கின் உடல் அந்தத் துண்டைத் தொட்டதும் ஸ்பிரிங்கோடு ஸ்டாப்பரின் வேலையும் தொடங்கும். தொடுவது தப்பில்லை, இன்றைய கார்களில் ஸ்டாப்பரையும் ஒரு கூடுதல் ஸ்பிரிங்காகவே கணக்கில் வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடுகிறது என்பதுதான் விஷயம். என் காரில் கம்பெனி உயரத்தில் 55 மி.மீ. இடம் இருந்தது. 40 இறக்கியபின் 15. கட்டைவிரல் அகலம்கூட இல்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஸ்பிரிங் அமுங்கும்போது அது வாங்கிக்கொள்ளும் ஆற்றல், அமுங்கிய தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. 55 மி.மீ.யில் வாங்கியதை 15 மி.மீ.யில் வாங்க வேண்டுமென்றால் ஸ்பிரிங் ஏறக்குறைய 13 மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் லோயரிங் ஸ்பிரிங் எதுவும் அப்படி இருக்காது. 20, 30 சதவீதம் விறைப்பு கூடியிருந்தால் அதிகம். மிச்சத்தை யார் வாங்குவது? ஸ்டாப்பரும், அதற்கு மேலே ஷாக்கை உடலோடு பிணைக்கும் டாப் மவுண்டும், அதற்கும் மேலே உங்கள் முதுகெலும்பும்.

வளைவில் நழுவியதும் இதனால்தான். வளைவில் காரின் எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறுகிறது, அந்தப் பக்க ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கி நிற்கிறது. அந்த நேரத்தில் ஸ்டாப்பரும் இடித்தால் அந்த மூலை மட்டும் திடீரென்று பல மடங்கு விறைத்துவிடும். டயரால் அதைத் தாங்க முடியாமல் பிடி விடும். இறக்கினால் கார் ரோட்டோடு ஒட்டும் என்பது பாதி உண்மை. மறுபாதியை நான் வால்பாறையில் படித்தேன்.

பட்டறையில் ஒரு பையன், “அண்ணா, புது ஸ்பிரிங்கெல்லாம் எதுக்கு, பழசுல ஒன்றரைச் சுத்து வெட்டிடலாம்” என்று சொன்னதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும் என்பது உண்மைதான்; வேலை செய்யும் சுற்று ஆறிலிருந்து ஐந்தானால் விறைப்பு 20 சதவீதம் கூடும். பிரச்சினை வேறு இடத்தில். கேஸ் வெல்டிங் தீயில் வெட்டினால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும். வெட்டிய முனை ஸ்பிரிங்கைத் தாங்கும் கிண்ணத்தில் சரியாக உட்காராது. சக்கரம் காற்றில் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடத்தை விட்டு நகரும்; திரும்பி இறங்கும்போது அது அதே இடத்தில் உட்காரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நல்ல லோயரிங் ஸ்பிரிங்குகளில் ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண உயரத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடக்கும். சக்கரம் தொங்கும்போது விரிந்து ஸ்பிரிங்கை இடத்தில் பிடித்துக்கொள்ளும். வெட்டிய ஸ்பிரிங்கில் அந்தக் காவல் கிடையாது.

சரி, ஷாக்குக்கு வருவோம். ஸ்பிரிங் அமுங்கி ஆற்றலைச் சேர்த்து வைக்கும். அதைத் திருப்பித் தரும்போது கட்டுப்படுத்துவது ஷாக். ஸ்பிரிங் விறைத்தால் அதைப் பிடித்து நிறுத்த ஷாக்கும் பலமாக வேண்டும். கணக்குப்படி 30 சதவீதம் விறைத்த ஸ்பிரிங்குக்கு ஏறக்குறைய 14 சதவீதம் கூடுதல் தடை வேண்டும். 72,000 கி.மீ. ஓடிய ஷாக்கிடம் இருந்ததே குறைந்திருக்கும். அதனிடம் போய்க் கூடுதலாகக் கேட்டேன். விளைவு, நெடுஞ்சாலையில் மேம்பால இணைப்புகளைத் தாண்டும்போது கார் ஒரு தடவைக்கு இரண்டரைத் தடவை தலையாட்டும். மனைவி அதற்கு ‘பூம்பூம் மாடு’ என்று பெயர் வைத்தாள்.

இன்னொன்று ஷாக்கின் நீளம். கம்பெனி ஷாக்கின் உள்ளே பிஸ்டன் கம்பெனி உயரத்துக்கு ஏற்ற இடத்தில் நிற்கும்படி செய்யப்பட்டது. காரை இறக்கினால் பிஸ்டன் கீழே தள்ளி நிற்கிறது. அதனால்தான் இறக்கிய காருக்கென்று உடலைச் சுருக்கிய ஷாக் தனியாக வருகிறது. ஜெர்மனியின் பில்ஸ்டைன் இதை எண் வைத்தே பிரித்திருக்கிறது: பி6 என்றால் கம்பெனி உயரத்துக்கு, பி8 என்றால் இறக்கிய காருக்குச் சுருக்கியது, பி12 என்றால் அந்தப் பி8-ஓடு ஐபாக் என்ற கம்பெனியின் ஸ்பிரிங்கைச் சேர்த்த செட். அவர்கள் பொருளை வாங்காவிட்டாலும் இந்த மூன்று எண்களின் வித்தியாசம் புரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது. நானும் கடைசியில் வாங்கியது வேறொரு கம்பெனியின் செட்தான். ஆனால் கடையில் நான் கேட்ட முதல் கேள்வி ‘இது சுருக்கிய உடலா?’ என்பது. கவுண்டரில் இருந்தவர் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார்.

கோய்ல்ஓவர் வாங்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். உடலில் மரை போட்டு, வளையத்தைத் திருகி உயரத்தை மாற்றும் வகை. உயரத்தை மாற்றலாம் என்பதில் ஒரு மயக்கம் இருக்கிறது, நானும் மயங்கினேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் உயரத்தை எத்தனை முறை மாற்றப் போகிறேன்? ஒவ்வொரு முறையும் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்கள்) பார்க்க வேண்டும். நம் ஊர் மழைச் சேற்றில் இரண்டு வருடம் ஓடினால் அந்த மரை வளையம் திரும்பவும் திரும்பாது. போலோவில் பின்பக்கம் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி இடத்தில் இருப்பதால் அங்கே அது கோய்ல்ஓவரே கிடையாது, உயரம் மாற்றும் ஒரு கிண்ணம் மட்டும்தான். பந்தயப் பாதையில் ஓட்டுகிறவருக்கு, நான்கு மூலையிலும் எடையைத் தராசில் வைத்துச் சரிசெய்கிறவருக்கு, அது அவசியம். மளிகை வாங்கவும் மாமனார் வீட்டுக்குப் போகவும் ஓட்டுகிறவருக்கு ஒரே உயரத்தில் நிற்கும் நல்ல ஸ்பிரிங்கும் அதற்குப் பொருத்தமான ஷாக்கும் போதும். மலிவான கோய்ல்ஓவர் செட் விலையில் நல்ல ஷாக் நான்கு வாங்கிவிடலாம், நான் அதைத்தான் செய்வேன்.

எவ்வளவு இறக்குவது? இதற்குக் கடைக்காரரிடம் பதில் இல்லை, எங்கள் தெருவில் இருந்தது.

சாலைகளுக்கு அளவுகள் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட, மெல்ல எழுந்து மெல்ல இறங்கும் மேடு. அதன் வளைவு 17 மீட்டர் ஆரம் கொண்ட வட்டத்தின் ஒரு துண்டு. என் காரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ஏறக்குறைய 2.46 மீட்டர். அப்படிப்பட்ட மேட்டின் மேல் கார் நிற்கும்போது நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும். நடுவில் எழும்பி நிற்பது 45 மி.மீ.க்கும் குறைவு. நன்றாக இறக்கிய கார்கூட அதைத் தாண்டிவிடும்.

எங்கள் தெருவில் இருப்பது அந்த வேகத்தடை இல்லை. யாரோ ஒருவர் வீட்டு வாசலில் விபத்து நடந்த வாரத்தில் ஒரே இரவில் முளைத்தது. ஒரு மரப்பலகையையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன்: அகலம் 60 செ.மீ., உயரம் 11.5. இஸ்திரி வண்டிக்காரர், “ஏனுங்க, ரோடு காண்ட்ராக்டருங்களா?” என்றார். இவ்வளவு குறுகலான மேட்டை முன் சக்கரம் தாண்டி இறங்கிவிடும், பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது. அதனால் மேட்டின் முழு உயரமும், 115 மி.மீ.யும், காரின் வயிற்றுக்கு நேரே வந்து நிற்கும்.

என் காரில் சம்ப் கார்டுக்கு (எஞ்சினின் அடியைக் காக்கும் தகடு) அடியில் அளந்தால் 158 மி.மீ. இருந்தது. ஆட்கள் ஏறினால் முன்பக்கம் 15 குறையும். 40 இறக்கினால் மிஞ்சுவது 103. தட்டும், தட்டிக்கொண்டும் இருந்தது. 25 இறக்கினால் 118. மூன்று மி.மீ. தப்பிக்கிறது. அப்படித்தான் என் எண் முடிவானது: 25. அழகியலுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. (டயரைச் சின்னதாக்கி இறக்குகிறவர்களும் உண்டு. 185/60 அளவு டயரைக் கழற்றிவிட்டு அதே 15 அங்குல ரிம்மில் 195/55 போட்டால் நாலு மி.மீ. இறங்கும். அந்த நாலு மி.மீ.க்கு ஸ்பீடோமீட்டரும் கொஞ்சம் பொய் சொல்லும்.)

பின்பக்கத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. நம் ஊரில் ஐந்து பேர் உட்கார்ந்து, டிக்கியில் அரிசி மூட்டையும் வைத்துக்கொண்டுதான் ஊருக்குப் போவோம். பின்னால் கூடுதலாக 200 கிலோ ஏறினால் ஒரு சக்கரத்துக்கு 100 கிலோ. ஒரு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங் அதில் ஏறக்குறைய 50 மி.மீ. அமுங்கும். காலியாக இருக்கும்போது பின்பக்கம் துளி தூக்கலாக நிற்பது போலத் தெரிந்தால் அதை அப்படியே விடுங்கள். நான்கு சக்கரத்திலும் ஒரே இடைவெளி வேண்டும் என்று பின்னாலும் சமமாக இறக்கியவர்களின் கார், சுமை ஏறியதும் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு படகு போலப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இறக்கினால் வளைவில் காரின் சாய்வு குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஸ்பிரிங் விறைப்பாக இருப்பதால் குறைகிறது, இறங்கியதால் இல்லை. முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தைப் பிடித்து நிற்கும் அமைப்பு) உள்ள கார்களில் உடல் ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறது, அதை ரோல் சென்டர் என்பார்கள். காரை இறக்கும்போது அதன் எடை மையம் இறங்குவதைவிட வேகமாக இந்தப் புள்ளி இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவிலான தூரம் கூடும். நீளமான கம்பியைப் பிடித்து நெம்புவது போல, சாய்க்கும் விசைக்கு வசதி கூடுகிறது. சக்கரத்தை அடிப்பக்கம் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்ம் சக்கரத்துப் பக்கம் மேல்நோக்கி நிற்கும் அளவுக்கு இறக்கிவிட்டால், வளைவில் கேம்பரும் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் அளவு) நமக்கு எதிராகத் திரும்பும். ஆகவே சாய்வைக் குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் உயரத்தைத் தொடாமல் இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்துச் சாய்வைத் தடுக்கும் ஆன்டி ரோல் பாரைக் கொஞ்சம் தடித்ததாகப் போடுவது புத்திசாலித்தனம். எனக்கு அந்த இடைவெளியும் போக வேண்டியிருந்தது.

மாட்டும் வேலையில் நடந்த இரண்டு தவறுகளையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று மாட்டியவர்களுடையது. முதல் சுற்றில் வேறு ஓர் இடத்தில் மாட்டினேன். கார் லிஃப்டில் தூக்கியிருந்த நிலையிலேயே, சக்கரங்கள் தொங்கும்போதே, லோயர் ஆர்ம் போல்ட்டுகளை முழுசாக இறுக்கிவிட்டார்கள். அந்த மூட்டுகளில் இருக்கும் புஷ்களின் ரப்பர் இரும்போடு ஒட்டப்பட்டது. இறுக்கிய நிலையே அதற்குச் சாதாரண நிலை. கார் தரைக்கு இறங்கியதும் ரப்பர் நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே இருந்தது. நாலாவது மாதம் கிழிந்தது. போல்ட்டுகளை விரலால் மட்டும் மாட்டி, காரின் முழு எடையும் சக்கரத்தில் இருக்கும்போதுதான் இறுக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் பட்டறை அண்ணனிடம் இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். “தெரியுங் தம்பி” என்று அவர் பலகையை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைக்கத் தொடங்கினார். முதலிலேயே அவரிடம் போயிருக்க வேண்டும்.

இன்னொன்று என்னுடையது. ஸ்டீயரிங் நேராக இருக்கிறதே என்று அலைன்மென்ட் பார்க்காமல் விட்டேன். மூன்றாயிரம் கி.மீ.யில் முன் டயர் இரண்டிலும் உள்விளிம்பு மொட்டை. பலரும் கேம்பரைக் குற்றம் சொல்வார்கள். கேம்பர் கொஞ்சம் கூடினால் டயர் மெல்லத்தான் தேயும். இப்படி மளமளவென்று தின்பது டோ, அதாவது சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. உயரம் மாறினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட்டின் சாய்வு மாறுகிறது, டோவும் நகர்கிறது. மாட்டிய அன்றே ஒரு தடவை, ஸ்பிரிங் உட்கார்ந்தபின் சில நூறு கி.மீ. கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பின்பக்கம் டார்ஷன் பீம், இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்திரம், அங்கே திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லை. அளவு வரம்புக்குள் இருக்கிறதா என்று காகிதத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஹெட்லைட் மட்டத்தையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

சட்டம் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் கொடுத்ததிலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தம், அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. ஜெர்மனியில் ஸ்பிரிங் பெட்டியோடே சான்றிதழ் வரும். அதைக் காட்டிப் பரிசோதித்து ஆவணத்தில் ஏற்றிக்கொள்ளலாம். அந்த வழி இங்கே நமக்கு இல்லை. நான் காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்தேன். கழற்றிய பழைய ஸ்பிரிங் நான்கும், பழைய ஷாக் நான்கும் எண்ணெய் தடவி, சாக்கில் கட்டி, பரணில் வைத்திருக்கிறேன். அம்மா அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடப் பார்த்தது இரண்டு தடவை.

முதல் ஸ்பிரிங் வாங்கிய நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் இந்த ஓர் அங்குலத்துக்குச் சரியாக ஒரு வருடமும் இரண்டு வாரமும் ஆனது. புது ஸ்பிரிங்கின் பட்டியலில் 30 மி.மீ. என்று இருந்தது, உட்கார்ந்தபின் என் காரில் முன்னால் 25, பின்னால் 20. சக்கர மையத்திலிருந்து வளைவு விளிம்பு வரை அளந்தது அது; தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் கலந்துவிடும். டயருக்கும் வளைவுக்கும் நடுவில் இப்போதும் நாலு விரல் போகும். படத்தில் பார்த்தால் இறக்கிய கார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பையன், “எறக்கப் போறேன்னீங்களே, எப்ப?” என்று போன மாதம்தான் கேட்டான்.

சுருக்கிய ஷாக்கும் அதோடு வந்த குட்டை ஸ்டாப்பரும் சேர்ந்து, முன்பக்கம் ஸ்டாப்பருக்கு 42 மி.மீ. இடம் கொடுத்திருக்கின்றன. மாட்டிய அன்று முன் ஷாக்கின் தண்டில் ஒரு கறுப்புக் கேபிள் டையை, இறுக்கமும் இல்லாமல் தொளதொளப்பும் இல்லாமல், கட்டிவிட்டேன். சக்கரம் மேலே ஏறும்போது ஷாக்கின் உடல் அதைத் தள்ளிக்கொண்டு போகும்; இறங்கும்போது அது தள்ளிய இடத்திலேயே நிற்கும். போன வாரம் மறுபடியும் வால்பாறை போனோம், இந்தத் தடவை அம்மாவும் அப்பாவும் பின் சீட்டில். அதே ஒட்டுப்போட்ட வளைவு, அதே மேடு. சத்தம் வரவில்லை. வீட்டுக்கு வந்து சக்கரத்தைக் கழற்றித் தூசி உறையைத் தூக்கினேன். கேபிள் டை ஸ்டாப்பருக்கு ஆறு மி.மீ. கீழே நின்றுகொண்டிருந்தது.